தே கியெரோ, தே ஆமோ: ஸ்பானிய மொழியில் அன்பைச் சொல்லுதல்



ஸ்பானிய மொழியைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். லத்தீன் அமெரிக்கக் கதைகளையும் கவிதைகளையும் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பில் இறங்கியிருப்பவர்களும் சிலர் இருக்கிறீர்கள். மூன்று தரப்பினருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'உன்மேல் எனக்கு அன்பு' என்பதை ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? எந்தச் சொல்லை யாரிடம் சொல்வது?

ஏறத்தாழ 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. அவ்வளவு பரந்த நிலத்தில் அன்பைச் சொல்லும் முறை ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். ஆனால் நம்மவர்கள் முதலில் தடுமாறுவது அந்த வேறுபாடுகளால் அல்ல. அந்த மொழிக்குள் நாம் ஆங்கிலத்தின் வழியாக நுழைகிறோம். ஆங்கிலத்தில் மனைவியையும் 'லவ்' பண்ணலாம், மாம்பழத்தையும் 'லவ்' பண்ணலாம், நண்பனின் புதுச் சட்டையையும் 'லவ்' பண்ணலாம். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் 'அமார்' என்ற வினை கிடைக்கிறது. கிடைத்ததை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். அம்மாவுக்கு அமார், தோழிக்கு அமார், காப்பிக்கும் அமார். மாட்ரிட் நகரத்துக்காரர் ஒருவர் அதைக் கேட்டால், சாப்பாட்டு மேசையில் யாரோ நாடக வசனம் பேசுவதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வழி நமக்கு ஏற்கெனவே தெரிந்த வழி. இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் காட்டத்தான் இன்றைய பேச்சு.

'கெரேர்' என்ற வினையிலிருந்து தொடங்குகிறேன். 'தே கியெரோ' என்ற புகழ்பெற்ற தொடர் அதிலிருந்துதான் வருகிறது. 'தே' என்றால் உன்னை. 'கியெரோ' என்பது கெரேரின் தன்மை ஒருமை நிகழ்கால வடிவம். இந்த வினைக்கு அன்றாடத்தில் இரண்டு வேலை உண்டு. காப்பிக் கடையில் 'கியெரோ ஊன் கஃபே' என்றால் எனக்கு ஒரு காப்பி வேண்டும். பெற்ற தாயிடம் 'தே கியெரோ' என்றால் அம்மா, உன்மேல் எனக்கு அவ்வளவு பாசம். ஆங்கிலம் வழியாக வந்தவர் இந்த இடத்தில் திகைத்து நிற்பார். காப்பி கேட்கிற அதே வினையிலா அன்பைச் சொல்வது? ஒருவரை உடைமையாக்க நினைக்கும் சொல் ஆயிற்றே என்று ஐயப்படுவார். 'வேண்டும்' என்று உடல் வேட்கையைச் சொல்கிறார்களோ என்றுகூடச் சிலர் நினைத்துவிடுகிறார்கள். வேட்கைக்கு 'தெசெயார்' என்று தனி வினை இருக்கிறது. தே கியெரோவில் அது இல்லை.

தமிழருக்கு இந்தத் திகைப்பு வரவேண்டியதில்லை. 'எனக்குக் காப்பி வேண்டும்' என்கிறோம். அதே வாயால் 'அவர் எங்கள் குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவர்' என்கிறோம். வேண்டியவர், வேண்டப்பட்டவர், வேண்டாதவர் என்று மனித உறவையே அந்த வினையின் மீது நிறுத்தியிருக்கிறோம். 'வேண்டியவர்' என்று சொல்லும்போது யாரும் அவரைக் கடைச்சரக்காக நினைப்பதில்லை. கெரேர் அப்படிப்பட்ட சொல். அதன் லத்தீன் மூலம் 'குவாயெரெரே': தேடுதல், கேட்டறிதல். தேடுவது வேண்டுவதாகி, வேண்டுவது அன்பாகியிருக்கிறது.

இரண்டு வேலையும் ஒரே வினைக்கு என்றால் குழப்பம் வராதா? வராமல் காப்பது ஒற்றை எழுத்தில் ஓர் இடைச்சொல்: 'ஆ'. 'கியெரோ ஊன் மேதிகோ' என்றால் எனக்கு ஒரு மருத்துவர் தேவை, யாராக இருந்தாலும் சரி. 'கியெரோ ஆ ஊன் மேதிகோ' என்றால் நான் ஒரு மருத்துவர்மேல் அன்பு வைத்திருக்கிறேன், அவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். குறிப்பிட்ட மனிதர் செயப்படுபொருளாக வரும்போது ஸ்பானிய இலக்கணம் அந்த 'ஆ'வைக் கட்டாயமாக்குகிறது. ஆங்கிலேயருக்கு இது பெரிய தலைவலி. நமக்கு? 'தண்ணீர் குடித்தேன்' என்கிறோம், 'ஐ' உருபைக் காணோம். 'பையன் பார்த்தேன்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது, 'பையனைப் பார்த்தேன்' என்றே சொல்லும். உயர்திணைக்கு உருபு விடக்கூடாது என்பது நம் நாவிலேயே இருக்கிறது. மாட்ரிட்டிலும் மெக்சிகோவிலும் உள்ளவர்கள் தங்களுக்கே உரிய வழியில் அதைத்தான் செய்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 'எனக்கு ஒரு நாய் வேண்டும்' என்னும்போது 'ஆ' வராது. வீட்டில் வளர்கிற நாய்மேல் பாசம் என்னும்போது 'கியெரோ ஆ மி பெர்ரோ' என்று வந்துவிடும். அன்பு வைத்த உடனே அந்த மொழியின் இலக்கணம் நாயையும் மனிதரோடு சேர்த்துவிடுகிறது.

இனி அமார். ஸ்பெயினில் கணவன் மனைவியிடமும், தாய் மகனிடமும், நண்பன் நண்பனிடமும் இயல்பாகச் சொல்வது தே கியெரோதான். 'தே ஆமோ' அங்கே கனமான சொல். கவிதையிலும் பாட்டிலும் தொலைக்காட்சித் தொடரிலும் அது வாழ்கிறது. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தே ஆமோ சொல்லாமல் 50 ஆண்டு நல்ல இல்லறம் நடத்திய தம்பதிகளை ஸ்பெயினில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அவர்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. மெக்சிகோவுக்கோ கொலம்பியாவுக்கோ போனால் ஏற்பாடு மாறுகிறது. அங்கே தே கியெரோ என்பது நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும், புதிதாகப் பழகத் தொடங்கிய காதலர்களுக்கும் உரியது. உறவு முதிர்ந்த பிறகு காதலர்கள் தே ஆமோவுக்குப் போவார்கள். முதன்முதலாக அதைச் சொன்ன நாளைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் தே ஆமோ சொல்வதும் அங்கே சாதாரணமாகக் காதில் விழும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். செவில் நகரத்துப் பையனும் மெக்சிகோ நகரத்துப் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்று வையுங்கள். பையன் தன்னிடம் இருக்கும் மிக உண்மையான சொல்லை எடுத்துத் தே கியெரோ என்கிறான். பெண்ணுக்கோ 'இன்னும் இவன் அந்த இடத்துக்கு வரவில்லை' என்று தோன்றுகிறது. பெண் தே ஆமோ என்கிறாள். பையனுக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. இருவர் மனத்திலும் அதே அளவு அன்புதான் இருக்கிறது. ஒரே மொழியைப் பேசுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், வெளியிலிருந்து வரும் நாம் காதைத் தீட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

1977-இல் மெக்சிகோவின் பெரும் பாடகர் ஹோசே ஹோசே ஒரு பாடலைப் பாடினார். பெயரே 'அமார் இ கெரேர்'. எழுதியவர்களில் ஒருவரான மனுவேல் அலெஹாந்த்ரோ ஸ்பெயினின் ஹெரேஸ் நகரத்தில் பிறந்தவர். அமார் வேறு, கெரேர் வேறு, அமார் உயர்ந்தது என்று வாதிடும் பாடல் அது. ஸ்பானிய மொழி பேசும் உலகம் முழுவதும் அதை அறியும். பாடலாக அதன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதை அகராதியாக எடுத்துக்கொண்டு, 'கெரேர் கீழ்ப்படி, அமார் மேல்படி' என்று வகுப்புகளில் சொல்லித் தருவதை நான் ஏற்கவில்லை. படிக்கட்டு என்று வைத்தால், மகனிடம் தே கியெரோ சொல்லும் ஸ்பானியத் தாய் எந்தப் படியில் நிற்கிறாள்? இவை அளவைக் காட்டும் சொற்கள் அல்ல. யார் யாரிடம் எந்த ஊரில் பேசுகிறார் என்பதைக் காட்டும் சொற்கள்.

அமாருக்கு உரிய இடங்கள் தெளிவாகவே இருக்கின்றன. இறைவனிடம் அன்பு செலுத்தும் கட்டளையில் அமார். கோவில் திருமண வாக்குறுதியில் அமார். விடுதலையையும் வாழ்க்கையையும் தாய்நாட்டையும் நேசிப்பதைச் சொல்ல அமார். அந்த இடங்களில் அதைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு நுட்பம். 'தே கியெரோ மூச்சோ' என்றால் உன்மேல் எனக்கு மிகுந்த அன்பு. 'மூச்சோ' என்றால் நிறைய. நிறைய என்று சேர்த்தால் காதல் கூடத்தானே வேண்டும்? லத்தீன் அமெரிக்காவின் பல ஊர்களில் அது குறைகிறது. காதலர் இருவரிடையே வெறும் தே கியெரோ நெஞ்சுக்கு நேராக வருகிறது. மூச்சோ சேர்ந்தவுடன் தோழமையின், உறவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பள்ளித் தோழிகள் குறிப்பேட்டில் மூன்று முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கையெழுத்திடுவார்கள்: தே, கு, எமே. குறுஞ்செய்தி வருவதற்கு முன்பிருந்தே இருந்த பழக்கம் அது. நீங்கள் விரும்பும் பெண்ணிடமிருந்து அந்த மூன்றெழுத்து வந்தால் அவசரப்பட்டுப் பொருள் கொள்ளாதீர்கள்.

கவிஞர் பாப்லோ நெருதாவுக்கு வருவோம். '20 காதல் கவிதைகளும் ஒரு நிராசைப் பாடலும்' 1924-இல் வெளியானபோது அவருக்கு 20 வயது நிரம்பவில்லை. அதில் 20-ஆவது கவிதையைத் தமிழில் பலர் படித்திருப்பீர்கள். ஸ்பானிய மூலத்தில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது வரும் வினை திரும்பத் திரும்பக் கெரேர்தான். காதல் கவிதைக்கென்றே பெயர் பெற்ற கவிஞர், எல்லாரும் காப்பி கேட்கப் பயன்படுத்தும் வினையையே கையில் எடுத்திருக்கிறார். அமார் தலைகாட்டுவது அவளுடைய கண்களைப் பற்றிச் சொல்லும்போது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வினையாகிவிடுகின்றன. அது ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் குற்றம் அல்ல, அந்த மொழியில் வேறு வழி இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இரண்டும் 'காதலித்தேன்' ஆகின்றன. அது நம்முடைய குற்றம். நம்மிடம் வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

அதே கவிதையில் காலத்தையும் கவனியுங்கள். ஸ்பானிய மொழியின் இறந்தகால வடிவங்களில் இரண்டை இங்கே பாருங்கள். 'லா கிசே' என்றால் அவள்மேல் அன்பு வைத்தேன், அது முடிந்துவிட்டது, கதவு சாத்தியாயிற்று. 'லா கெரியா' என்றால் அவள்மேல் அன்பாக இருந்தேன், எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று சொல்லவில்லை, கதவு திறந்தே இருக்கிறது. நெருதா இந்த இரண்டுக்கும் நிகழ்காலத்துக்கும் இடையே மாறி மாறிப் போகிறார். மறந்துவிட்டேனா இல்லையா என்று தெரியாத மனம், வினைமுற்றின் ஈற்றில் ஊசலாடுகிறது. இறந்துபோன தாத்தாவைப் பற்றிப் பேசும் பேரன் பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தையே எடுப்பான். அவர் போய்விட்டார், அவன் அன்பு முற்றுப்புள்ளி வைக்கும் வகையானது அல்ல.

கெரேரின் குடும்பத்தில் இன்னொரு சொல்லைக் காட்டாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 'கெரென்சியா'. மனிதரோ விலங்கோ தான் வளர்ந்த இடத்துக்கே திரும்பப் போகும் இயல்பு, அப்படித் திரும்பிப் போகும் இடம், இரண்டுக்கும் அதுதான் பெயர். மாட்டுப் பண்ணைக்காரர்களின் சொல். காளைப்போர்க் களத்தில் காளை தனக்குப் பாதுகாப்பு என்று தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடத்தையும் கெரென்சியா என்பார்கள். எதிர்ப்பக்கத்தில் 'மால் கெரேர்' இருக்கிறது, தவறாக அன்பு செலுத்துதல். பார்சிலோனா அருகே பிறந்த பாடகி ரொசாலியா 2018-இல் வெளியிட்ட இசைத் தொகுப்புக்கு 'எல் மால் கெரேர்' என்றே பெயர். பொறாமை பிடித்த ஆணின் பிடியில் சிக்கிய பெண்ணின் கதை அது. வன்முறையை அன்பு என்று சொல்லிக்கொள்பவர்களுக்குத் தங்கள் மொழியிலேயே விடை இருக்கிறது என்று அந்தப் பெயர் காட்டியது.

'பிடிக்கும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள், வழுக்கத் தேவையே இல்லாத இடம் இது. 'குஸ்தார்' என்ற வினையில் விரும்புகிறவர் எழுவாயாக நிற்பதில்லை. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். எனக்கு, நான்காம் வேற்றுமை. 'யோ' என்று 'நான்' போட்டுத் தொடங்குவது ஆங்கிலப் பழக்கம். 'எனக்கு' என்று தமிழில் நினைத்தால் 'மே' தானாக வந்து விழும். ஒரே ஒரு வேறுபாடு: நம் 'பிடிக்கும்' மாறாமல் நிற்கும், அவர்களுடைய குஸ்தார் பிடித்த பொருளுக்கு ஏற்ப ஒருமை பன்மை காட்டும்.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 'எங்கள் ஆசிரியையை எனக்குப் பிடிக்கும்' என்று தமிழில் யாரும் சொல்லலாம். அதையே குஸ்தார் வைத்துச் சொன்னால், ஆசிரியைமேல் உங்களுக்கு ஆண்பெண் ஈர்ப்பு என்று பொருளாகிவிடும். நல்ல மனிதர், பழகப் பிடிக்கிறது என்பதற்கு 'மே கயே பியென்' என்று சொல்ல வேண்டும். 'மே குஸ்தாஸ்' என்பதைக் காதலின் முதல் வாசலில் நிற்பவர் சொல்வார். நெருதாவின் 15-ஆவது கவிதை தொடங்குவதே அதில்தான். காப்பியையும் இசையையும் மழையையும் மிகவும் பிடிக்கும் என்று சொல்ல 'மே என்காந்தா' இருக்கிறது, மயக்குகிறது என்று பொருள்படும். காப்பிக்கு அமார் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

காதலில் விழுவதைச் சொல்லும் 'எனமோரார்சே' என்ற வினையோடு 'தே' என்ற இடைச்சொல்தான் வரும்; 'உன்னை' என்று பொருள்படும் 'தே' வேறு. 'உடன்' என்று பொருள்படும் 'கோன்' வராது. கல்யாணம் செய்துகொள்ளும் 'கசார்சே' வினைக்குத்தான் கோன். நினைவில் வைத்துக்கொள்ள எளிது: காதலில் விழும்போது இன்னும் கூட யாரும் இல்லை, கல்யாணத்தில்தான் 'உடன்' வருகிறது.

இப்போது 'கரீஞோ'. இந்தச் சொல்லுக்காகவே ஸ்பானிய மொழி படிக்கலாம் என்று சொல்வேன். நம் 'ஞ'கரம் அப்படியே அந்த ஒலி. பாசம், பிரியம், வாஞ்சை மூன்றும் அதில் இருக்கின்றன. பழைய ஆசிரியர்மேல், பக்கத்து வீட்டுப் பாட்டிமேல், பிறந்த வீட்டின் திண்ணைமேல் கரீஞோ வைக்கலாம். ஸ்பெயினில் கணவன் மனைவியை அழைக்கும் சொல்லும் அதுதான். கடிதத்தின் அடியில் 'கோன் கரீஞோ' என்று எழுதிக் கையெழுத்திடலாம். அதன் பிறப்பைப் பற்றி அகராதிகள் ஓர் ஊகம் தருகின்றன. இல்லாமையைக் குறிக்கும் லத்தீன் 'கரேரே'யிலிருந்து, பிரிவில் ஏங்குவதைச் சொல்லும் ஒரு வட்டார வினை வழியாக வந்திருக்கலாம் என்பது அது. முதலில் ஏக்கம், பிறகு பாசம்.

இந்த ஏக்கத்தைச் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டும். பிரிந்திருப்பவரிடம் 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று சொல்ல ஸ்பெயினில் 'எச்சார் தே மேனோஸ்' என்பார்கள். போர்ச்சுகீசிய மொழியில் 'குறைவாகக் காணுதல்' என்ற தொடரிலிருந்து வந்தது. எண்ணிப் பார்க்கிறோம், ஒருவர் குறைகிறார். 'மே ஆசெஸ் ஃபால்தா' என்று இன்னொரு தொடர் உண்டு: நீ எனக்குக் குறையாகிறாய், நீ இல்லாமல் எனக்குப் போதவில்லை. லத்தீன் அமெரிக்காவில் 'தே எக்ஸ்த்ராஞோ' என்பது அதிகம். நீ இல்லாத உலகம் அந்நியமாக இருக்கிறது என்ற வேர் அதில் தெரியும். 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியின் இன்றைய அகராதி, 'அமோர்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே மனிதர் தம்முடைய போதாமையிலிருந்து புறப்பட்டு இன்னோர் உயிரோடு சேரத் தேடுவது என்ற கருத்தில்தான் தொடங்குகிறது. தேடுதலிலிருந்து கெரேர், ஏக்கத்திலிருந்து கரீஞோ, குறைவிலிருந்து நினைவு. நிறைந்து வழிவதை அன்பு என்று பேசுகிற மேடைகளில், குறையிலிருந்து அன்பைப் பார்க்கும் இந்த மொழியின் பார்வை எனக்கு உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

நடைமுறை எச்சரிக்கை ஒன்று. ஒருவர்மேல் பாசம் உண்டாகிவிட்டது என்பதை ஸ்பெயினில் 'கொஹேர் கரீஞோ' என்பார்கள். கொஹேர் என்றால் எடுத்தல், பிடித்தல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அந்த வினை உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்கே 'தொமார் கரீஞோ' என்றோ 'என்கரிஞார்சே' என்றோ சொல்லுங்கள்.

கடிதத் தொடக்கத்தில் 'எஸ்திமாதோ' போட்டால் மரியாதையான அலுவலகக் கடிதம். 'கெரிதோ', 'கெரிதா' போட்டால் நெருக்கம். ஆனால் 'கெரிதா' பெயர்ச்சொல்லாகத் தனியே நின்றால் ஒருவரின் மறைவான தொடர்பைக் குறிக்கக்கூடும். 'அமாந்தே'யும் அப்படியே. காதலன் என்று நினைத்துக்கொண்டு தன் வருங்காலக் கணவரை அமாந்தே என்று அறிமுகம் செய்தால் அவையில் அமைதி நிலவும். 'நோவியோ', 'நோவியா' என்பதே பொதுவழக்கு. பெருவிலும் எக்வடோரிலும் 'எனமொராதோ'. சிலியில் 'பொலோலோ', பூக்களைச் சுற்றும் ஒரு வண்டின் பெயர். அங்கே நோவியோ என்றால் நிச்சயமான மாப்பிள்ளை.

அழைப்புச் சொற்களைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும், சிலவற்றை மட்டும் தொடுகிறேன். கரீபியத் தீவுகளில் தாய் தன் சின்னஞ்சிறு மகனை 'பாப்பி' என்பாள், மகளை 'மாமி' என்பாள். அப்பா, அம்மா என்று பொருள். 'ஏம்ப்பா சாப்பிட்டியா', 'வாம்மா கண்ணு' என்று பிள்ளைகளை அழைக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அர்ஜென்டினாவில் 'கோர்தோ', குண்டன், 'ஃப்ளாக்கோ', ஒல்லி, 'நெக்ரா', கறுப்பி, எல்லாம் கொஞ்சும் சொற்கள். பாடகி மெர்செதெஸ் சோசாவை அந்த நாடே 'லா நெக்ரா' என்று அழைத்தது. 'என் கறுப்புத் தங்கமே' என்று தாலாட்டுபவர்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள். ஆனால் புரிந்துகொள்ளுங்கள், போன உடனே பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொற்களுக்கு உரிமை பழக்கத்தில் வருவது. கோஸ்தா ரிக்காவில் கடைக்காரப் பெண் உங்களை 'மி அமோர்' என்று அழைத்தால் அது காதல் அல்ல, நம் ஊர்க் கடையில் 'என்ன கண்ணு வேணும்' என்று கேட்பது. கனாரித் தீவுகளில் அதுவே 'மி நிஞோ', செவிலில் 'மி ஆர்மா', என் உயிரே.

மரியாதை முன்னிலையும் அன்பைச் சொல்லும். 'ஊஸ்தெத்' என்பது 'நீங்கள்', நெருக்கத்துக்கு 'தூ' என்று பாடநூல் சொல்கிறது. கொலம்பியாவின் போகோத்தாவிலும் பொயாக்காவிலும் கணவன் மனைவியும் உடன்பிறந்தவர்களும் ஊஸ்தெத் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். அதிலும் கொஞ்சலாக 'சுமெர்சே' என்பார்கள், 'தங்கள் அருள்' என்ற பழைய மரியாதைத் தொடரின் தேய்ந்த வடிவம். கொங்கு நாட்டில் குழந்தையையும் 'வாங்க கண்ணு' என்று அழைப்பார்கள் அல்லவா, அந்த மரியாதையில் உள்ள குழைவு இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தக் குழைவு 'யூ' என்ற ஒரே சொல்லில் மறைந்துவிடுகிறது. தமிழில் மறையத் தேவையில்லை.

அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மொழிகளும் ஸ்பானிய மொழிக்கு அன்பைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் வடமேற்கில் 'விதாய்' என்பார்கள். 'வீதா', உயிர், ஸ்பானியச் சொல். ஈற்றில் உள்ள 'ய்' கெச்சுவா மொழியில் 'என்னுடைய'. என் உயிரே என்று இரண்டு மொழிகள் சேர்ந்து சொல்கின்றன. மெக்சிகோவில் 'அப்பப்பச்சார்' என்ற வினை உண்டு. அணைத்துத் தட்டிக்கொடுத்து, செல்லம் கொஞ்சி, வாடியவரைத் தேற்றுவது. நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. 'ஆன்மாவால் தழுவுதல்' என்பதே அதன் மூலப்பொருள் என்று அழகான படங்களோடு ஒரு செய்தி உலவுகிறது. அது கட்டுக்கதை. நாவாட்ல் வினையின் பொருள் விரல்களால் அழுத்தி மென்மையாக்குதல். கட்டுக்கதையைவிட உண்மைதான் எனக்கு அழகாகப் படுகிறது. ஆன்மாவைத் துணைக்கு அழைக்காமல், விரல்களை வைத்தே அந்த மக்கள் ஆறுதலுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

துயரத்துக்கும் சொல் வேண்டும். காதல் இல்லாமற்போன நிலைக்கு 'தெசமோர்'. ஒதுக்கப்பட்டவரின் கசப்புக்கு 'தெஸ்பெச்சோ', கொலம்பியாவில் அந்தப் பெயரில் ஒரு பாட்டு வகையே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கியூபாவின் சாந்தியாகோவில் பிறந்த 'பொலேரோ' பாடல்கள் இந்தச் சொற்களைக் கண்டம் முழுவதும் கொண்டுபோயின. கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து முன்வைத்ததன்பேரில் 2023-இல் யுனெஸ்கோ பொலேரோவை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. படிக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கோன்சுவேலோ வெலாஸ்கேஸின் 'பேசமே மூச்சோ'விலிருந்து தொடங்கிப் பத்துப் பொலேரோக்களைக் கேளுங்கள். எங்கே கெரேர் வருகிறது, எங்கே அமார் வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இலக்கண நூல் தராத காது அதில் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஸ்பானிய இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்திருக்கிறது. அந்த உழைப்பால்தான் நாம் அந்த எழுத்தாளர்களை அறிந்தோம், அதற்கு நன்றியுடையவன் நான். ஆனால் பாட்டி பேரனிடம் சொல்லும் தே கியெரோவும், வாசலில் நின்று தயங்கும் பையன் சொல்லும் மே குஸ்தாஸும், மரணப் படுக்கையில் சொல்லப்படும் தே ஆமோவும் தமிழில் ஒரே 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று நிற்பதை இனியும் அனுமதிக்காதீர்கள். ஸ்பானிய மொழி முழுதாகத் தெரியாவிட்டாலும், மூல நூலின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்பைச் சொல்லும் இடம் வரும்போது அதில் எந்த வினை இருக்கிறது, யார் யாரிடம் சொல்கிறார், ஊஸ்தெத்தா தூவா என்று மட்டுமாவது பாருங்கள். பிறகு பாசம், பிரியம், நேசம், வாஞ்சை, ஆசை, காதல் என்று நம்மிடம் இருப்பவற்றில் பொருந்துவதை எடுங்கள். பல இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டியிருக்காது, 'கண்ணு' என்ற ஒரு விளி போதும். ஸ்பானிய மொழியைக் கற்கும் இளைஞர்களுக்கும் அதையே சொல்கிறேன்: 'எனக்கு', 'வேண்டும்', 'பிடிக்கும்' என்று தமிழில் நினைத்து, அங்கிருந்து நேராக அந்த மொழிக்குள் செல்லுங்கள்.